ஒரு டன் சுமையா, இருபது கிலோமீட்டர் வேகமா? மின்வேன் பற்றிய வாசகர் கேள்விகள்

சரக்கு ஏற்றும் மின்வேன்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. முழு சார்ஜில் வண்டி எவ்வளவு தூரம் ஓடும், அந்தத் தூரத்தைக் குறைப்பது ஏற்றிய சுமையா, ஓட்டும் வேகமா என்பதே அந்தக் கவலை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, ஒரு கிலோவாட்-மணியை வீட்டு மின்கட்டணத்தில் சொல்வதைப் போல ஒரு யூனிட் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: நான் வைத்திருக்கும் மின்வேனில் 60 யூனிட் பேட்டரி இருக்கிறது. சுமார் 300 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு டன் சரக்கை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் 190 கிலோமீட்டரிலேயே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா, அல்லது நான் அதிகமாகச் சுமை ஏற்றுகிறேனா?

பதில்: உங்கள் பேட்டரி நன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சுமையின் மீது நீங்கள் போடும் பழியில் பாதிக்கு மேல் வேகத்தைச் சேர வேண்டியது. நீங்கள் எந்த வேகத்தில் போகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. ஆனாலும் 190 கிலோமீட்டர் என்ற கணக்கைப் பார்த்தால், மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டியே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் வண்டி இரண்டு தடைகளை வென்றாக வேண்டும். டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதால் உண்டாகும் உருளல் தடை முதலாவது. இது வண்டியின் மொத்த எடைக்கு ஏற்பக் கூடும், வேகம் மாறினாலும் பெரிதாக மாறாது. வண்டி தன் முகத்தால் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதால் வரும் காற்றுத் தடை இரண்டாவது. இதற்கும் உள்ளே இருக்கும் சரக்கின் எடைக்கும் தொடர்பே இல்லை. வண்டியின் முகப்பரப்பும் வடிவமும் வேகமும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். உயரமும் அகலமுமாகச் சுவர் போல நிற்கும் வேனுக்கு, தாழ்வான காரைவிட இது பெரிய சுமை.

உங்கள் வண்டி காலியாக 2,000 கிலோ எடையுள்ள நடுத்தர வேன் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்கு உருளல் தடை கேட்பது சுமார் 5.5 யூனிட். ஒரு டன் ஏற்றினால் அது 8.2 யூனிட் ஆகிறது, அதாவது கூடுவது 2.7 யூனிட். காற்றுத் தடை மணிக்கு 50 கிலோமீட்டரில் 4.5 யூனிட்தான் கேட்கிறது. 80-இல் அதே தடை 11.5 யூனிட்டாகவும் 100-இல் 18 யூனிட்டாகவும் ஏறிவிடுகிறது. பேட்டரியிலிருந்து சக்கரம் வரைக்குமான வழியில், இன்வெர்ட்டரிலும் மோட்டாரிலும் பல்சக்கரங்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீணாவதாகக் கொண்டால், உங்கள் 60 யூனிட்டில் காலி வண்டி 80-இல் 300 கிலோமீட்டரும் 100-இல் 217 கிலோமீட்டரும் போகும். ஒரு டன் ஏற்றிய வண்டி 80-இல் 259 கிலோமீட்டரும் 100-இல் 195 கிலோமீட்டரும் போகும்.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் சரக்கோடு 80-இல் போகும் வேன், காலியாக 100-இல் போகும் வேனைவிட நாற்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் முழு டன்னையும் இறக்கி வைத்தால் கிடைக்கும் லாபம் 22 கிலோமீட்டர். சரக்கு அப்படியே இருக்க, வேகத்தை 100-இலிருந்து 80-க்குக் குறைத்தால் கிடைப்பது 64 கிலோமீட்டர். இவை காற்றடிக்காத இதமான நாளில், மேடு பள்ளம் இல்லாத சாலையில், ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கான கணக்குகள். நடைமுறையில் எல்லா எண்களும் சற்றுக் குறையும், ஆனால் அவற்றுக்குள் இருக்கும் வரிசை மாறாது.

விற்கும்போது சொன்ன எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அது டபிள்யூ.எல்.டி.பி. (WLTP) என்ற சோதனையில் வந்த எண்ணாக இருக்கலாம். அந்த முறையில் வண்டி அரை மணி நேரத்தில் 23 கிலோமீட்டர் சொச்சம் ஓடும் ஓட்டத்தைச் சோதனைக் கூடத்தில், 23 டிகிரி வெப்பநிலையில், ஏசியும் ஹீட்டரும் இல்லாமல் ஓட்டுகிறார்கள். நின்று புறப்படும் நேரத்தையும் சேர்த்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர்தான். சரக்கு வேன் என்றால், ஏற்றக்கூடிய மொத்தச் சுமையில் 28 சதவீதத்தை மட்டுமே ஏற்றியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் பயன்படும். முழுச் சுமையோடு நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் போகிறவர் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

கேள்வி: ஊருக்குள் வீடு வீடாகப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் வேலை எனக்கு. ஒரு நாளில் நூறு இடங்களில் நிறுத்துகிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே இல்லை. எனக்கும் வேகம்தான் முக்கியமா?

பதில்: உங்கள் ஓட்டத்தில் சுமைக்கு மரியாதை அதிகம். ஊருக்குள் காற்றுத் தடை சிறியது, ஆகவே அந்த இடத்தை எடை பிடித்துக்கொள்கிறது. அதோடு, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நிற்கும் வண்டியை அதன் முழு எடையோடு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 3,000 கிலோ எடையுள்ள வேன் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது 0.08 யூனிட் ஆற்றல் அதன் ஓட்டத்தில் சேர்ந்திருக்கும். கேட்பதற்குச் சொற்பமாகத் தெரியும். நூறு நிறுத்தங்களுக்கு அதுவே 8 யூனிட். காலி வேனுக்கு அது 5.4 யூனிட்.

மின்வண்டியின் அருமை இங்கேதான் வெளிப்படுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஓட்டுநர்கள் இதை ரீஜென் என்கிறார்கள். போகும்போதும் திரும்பும்போதும் இழப்பு உண்டு என்பதால் முழுவதும் கைக்கு வராது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு நிறுத்தங்களில் பாரம் ஏற்றிய வண்டி இழப்பது 3 யூனிட், காலி வண்டி இழப்பது 2 யூனிட். சுமையால் வரும் வித்தியாசம் ஒரே ஒரு யூனிட். ஆனால் வீட்டு வாசல் வரை வேகமாக வந்து கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தி மிதிப்பவரின் வண்டியில், ரீஜென் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியதெல்லாம் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. அவர் அந்த 8 யூனிட்டில் பெரும் பகுதியை இழக்கிறார். சுமை கூடியதைவிட ஓட்டுநரின் பாதம் இங்கே அதிகம் தின்கிறது. நிறுத்த வேண்டிய இடம் தூரத்தில் தெரிந்ததுமே காலைத் தளர்த்திவிடுங்கள். நிற்கவே தேவையில்லாமல் வண்டியை மெல்ல உருளவிட்டுக் கடக்க முடிகிற இடமானால் அது இன்னும் மேல், ஏனென்றால் ரீஜென் வழியாகப் போய்த் திரும்பும் ஆற்றலைவிட ஓட்டத்திலேயே தங்கிவிடும் ஆற்றலுக்கு இழப்பு குறைவு.

இன்னொன்றும் செய்யலாம். பாதை வரிசை இடம் கொடுத்தால், கனமான பொட்டலங்களை முதலில் இறக்குங்கள். நூறாவது நிறுத்தத்தில் இறக்க வேண்டிய 80 கிலோ பெட்டியை வண்டி அதற்கு முன்னால் தொண்ணூற்றொன்பது முறை நிறுத்தி, தொண்ணூற்றொன்பது முறை புறப்படவைக்கிறது.

கேள்வி: எங்கள் சேமிப்புக் கிடங்கு மலை மேல் இருக்கிறது. காலையில் முழுச் சுமையோடு இறங்கி, மாலையில் காலியாக ஏறுகிறோம். கீழே உள்ளவர்களைவிட எங்களுக்கு நட்டமா?

பதில்: உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல வாய்ப்பு. அதை வீணாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். 500 மீட்டர் உயரம் ஏறுவதற்கு, சாலையின் தடைகளைச் சேர்க்காமலேயே, 3,000 கிலோ வண்டிக்கு 4.1 யூனிட்டும் 2,000 கிலோ வண்டிக்கு 2.7 யூனிட்டும் வேண்டும். நீங்கள் கனத்தோடு இறங்கி, இலேசாக ஏறுகிறீர்கள். பத்து கிலோமீட்டர் நீளமுள்ள இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த 4.1 யூனிட்டில் உருளலும் காற்றும் எடுத்துக்கொண்டது போக 2.8 யூனிட் சக்கரத்தில் மிஞ்சும். அதில் ஏறத்தாழ 2.4 யூனிட் பேட்டரிக்குப் போய்ச் சேரும். 60 யூனிட் பேட்டரியில் அது 4 சதவீதம்.

ஆனால் பேட்டரியில் அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். ஒருமுறை நானே இதில் தவறினேன். மேலே தங்கிய இரவில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு, பின்புறம் முழுவதும் அடுக்கிய சரக்கோடு காலையில் இறங்கத் தொடங்கினேன். முதல் வளைவில் வழக்கம்போல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி வேகம் குறையவில்லை. டேஷ்போர்டில் ரீஜென் பட்டை ஒரு கோடு அளவுக்கு மட்டும் எரிந்தது, அதன் அருகே ஆமை போல ஒரு சிறு எச்சரிக்கை. அதற்குப் பிறகு அடிவாரம் வரை பிரேக் மிதியையே நம்பி வந்தேன். இறங்கி நின்றபோது முன் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. நிறைந்த பேட்டரி மின்சாரத்தைத் திருப்பி ஏற்காது, மிகவும் குளிர்ந்த பேட்டரியும் அப்படியே. முழுச் சுமையோடு நீண்ட இறக்கம் காத்திருக்கிறது என்றால், இது ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், பற்றிய விஷயம் மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்பு பற்றியதும் ஆகும். மேலே சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள். கீழே வந்து சேரும்போது, விட்டுவைத்ததில் 4 சதவீதம் திரும்பக் கிடைத்திருக்கும்.

கேள்வி: புறப்படும்போது திரையில் 290 கிலோமீட்டர் என்று காட்டியது. நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் 190 என்றது. அந்த எண் பொய்யா?

பதில்: அந்த எண் நேற்றைய உண்மை. கடைசியாக ஓடிய தூரத்தில் வண்டி எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்பதை வைத்தே பெரும்பாலான வண்டிகள் அதைக் கணிக்கின்றன. நேற்று மாலை காலியாக, ஊருக்குள், மெதுவாகத் திரும்பி வந்திருப்பீர்கள். இன்று காலை பின்புறக் கதவைச் சாத்தியபோது உள்ளே ஒரு டன் ஏறியிருப்பதும், நீங்கள் நெடுஞ்சாலைக்குப் போகப்போவதும் அந்தக் கணிப்புக்குத் தெரியாது. அந்தக் கிலோமீட்டர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டை மட்டும் கவனியுங்கள்: பேட்டரியில் மிச்சமுள்ள சதவீதம், நூறு கிலோமீட்டருக்கு ஆகும் யூனிட். பயண மீட்டரைப் புறப்படும்போது சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், பத்து கிலோமீட்டருக்குள் அன்றைய நாளின் உண்மையான செலவு தெரிந்துவிடும்.

கேள்வி: கூரை ரேக்கைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை. ஏணி இல்லாத நாளிலும் அப்படியே விட்டுவிடுகிறேன். அதன் எடை 25 கிலோதானே?

பதில்: எடையால் பாதகம் இல்லை, நீங்கள் நினைப்பது சரி. ஆனால் அது காற்றில் நிற்கிறது. ரேக் காற்றுத் தடையைப் பத்து சதவீதம் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 1.8 யூனிட் அதிகம் ஆகும். வேனுக்குள் 650 கிலோ சரக்கை ஏற்றினால் கூடும் உருளல் தடைக்கு அது சமம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: மெதுவாகப் போனால் நல்லது என்றால், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனால் ஆயிரம் கிலோமீட்டர் போகலாமா? நான் குளிரூட்டிய மருந்துகளை ஏற்றுகிறேன்.

பதில்: அதற்கு ஓர் எல்லை உண்டு, உங்கள் வண்டியில் அந்த எல்லை சற்று மேலேயே இருக்கும். குளிர்பதனப் பெட்டியும் ஹீட்டரும் ஏசியும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதில்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் பார்க்கின்றன. மூன்று கிலோவாட் எடுக்கும் கருவி ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட் தின்னும். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் நூறு கிலோமீட்டருக்கு அதன் பங்கு 3.3 யூனிட், 30 கிலோமீட்டரில் போனால் 10 யூனிட். நீங்கள் 40 முதல் 50 வரை போவதே சிக்கனம். மருந்துப் பெட்டியை வண்டி சார்ஜில் நிற்கும்போதே குளிரவைத்துவிட்டால், பேட்டரி அந்த முதல் உழைப்பிலிருந்து தப்பிக்கும். குளிர்காலத்தில் ஓட்டுநர் இருக்கைக்கும் இதே முறைதான்.

கேள்வி: ரேஞ்ச் குறையாமல் இருக்க, ஒரு டன்னை அரை அரை டன்னாக இரண்டு நடையில் கொண்டுபோவது நல்லதா?

பதில்: வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு டன்னை ஒரே நடையில் கொண்டுபோக 23 யூனிட் போதும். அரை டன் நடை ஒன்றுக்கு 21.6 யூனிட் ஆகும், இரண்டு நடைக்கு 43 யூனிட். திரும்பி வருவதை நான் இதில் சேர்க்கவே இல்லை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் இருக்கும்வரை, நிறைய ஏற்றி ஒரே நடையில் போவதுதான் சரி.

ஏற்றும் நாளில் டயரைப் பார்க்க மறக்காதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில், காலி வண்டிக்கு ஓர் அழுத்தமும் முழுச் சுமைக்கு வேறோர் அழுத்தமும் போட்டிருப்பார்கள். நண்பர் ஒருவரின் வேனில், ரேஞ்ச் குறைகிறது என்ற புகாரின்பேரில் நான் அளந்து பார்த்தபோது, அட்டை பின்புற டயருக்கு 54 பிஎஸ்ஐ கேட்டது, மீட்டர் 41 காட்டியது. தரையைத் தொடும் இடத்தில் டயர் பக்கச்சுவர் வெளியே பிதுங்கியிருந்தது, கையை வைத்தால் மற்ற டயர்களைவிடச் சுட்டது. அந்தச் சூடு முழுவதும் பேட்டரியிலிருந்து வந்ததுதான். டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில், சரக்கு ஏற்றும் முன் அளப்பதே சரியான அளவு.

கேள்வி: நாளை மறுநாள் 210 கிலோமீட்டர் போக வேண்டும், வழியில் சார்ஜ் போட வசதி இல்லை. ஒரு டன் சுமை, 60 யூனிட் பேட்டரி, சமதளம். போய்ச் சேர்வேனா?

பதில்: வேகத்தை நீங்கள் ஆள முடிந்தால் சேர்வீர்கள். மேலே சொன்ன அதே வண்டிக் கணக்கில், மணிக்கு 100-இல் போனால் 65 யூனிட் வேண்டும், அது உங்களிடம் இல்லை. 90-இல் போனால் 56 யூனிட் ஆகும். சேர்வீர்கள், ஆனால் கையில் மிஞ்சுவது 6 சதவீதம், ஓர் எதிர்பாராத மாற்றுப்பாதைக்குக்கூட அது தாங்காது. 80-இல் 49 யூனிட் ஆகும், 19 சதவீதம் மிஞ்சும். 100-இல் போவதைவிட அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான்.

எதிர்க்காற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால், 80-இல் போகும் வண்டி காற்றில்லாத நாளில் 100-இல் போகும் வண்டி அளவுக்கே செலவழிக்கும். ஸ்பீடோமீட்டரில் இது தெரியாது. அதனால் 70 கிலோமீட்டர் கடந்ததும் பேட்டரியைப் பாருங்கள். 73 சதவீதம் இருந்தால் 80-இலேயே தொடரலாம். 64 சதவீதம்தான் இருக்கிறது என்றால் எதிர்க்காற்று உங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது 70-க்குக் குறைத்தாலும் சேர்வது மயிரிழையில்தான் இருக்கும். 60-க்குக் குறைத்துவிடுங்கள். மிச்சமுள்ள 140 கிலோமீட்டருக்கு 33 யூனிட் போதும், ஆறு யூனிட்டை ஒட்டிக் கையிருப்பாக வைத்துக்கொண்டு போய்ச் சேர்வீர்கள்.